கட்டினவன்தான் அவிழ்க்கணும்

ஸ்ரீரங்கம்
4-2-2024, ஞாயிறு

மச்சான் செபஸ்திக்கு,

அழகிரி எழுதறேன். இந்த மாசம் உன் முறை, காரை அனுசுயா கொண்டாந்து விடுவா. ஜனவரி முழுக்க என் கையில இருந்த வண்டியைப் பத்தி மொதல்ல சொல்லிடறேன், இல்லேன்னா நீ கடுதாசியைப் படிக்காம பானெட்டைத் திறந்துடுவே. சைலன்சர்ல பொடிசா ஒரு ஓட்டை. பால் பவுடர் டின்னை வெட்டிச் சுத்தி, ரெண்டு கிளிப் போட்டு இறுக்கியிருக்கேன். சத்தம் போச்சுன்னு அனுசுயா சொல்றா, எனக்கு எங்கே கேக்குது? இடது பின்கதவு இப்ப வெளியிலேர்ந்துதான் திறக்கும். கண்ணாடி ஏத்தற கைப்பிடி இந்தக் கடுதாசி மேலேயே டேஷ்போர்டுல இருக்கு. நாலு கதவுக்கும் அது ஒண்ணுதான், தொலைச்சுடாதே.

காது நல்லா இருந்தா போன்லயே பேசிட்டுப் போயிருப்பேன். முப்பத்தி மூணு வருஷம் கம்பெனியில தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்புல நின்ன காது. வாட்ஸ்அப்புல எழுதுங்கப்பாங்கறா அனுசுயா. ஷிப்டு மாறும்போது நோட்டுல எழுதி வச்சுட்டு வந்து பழகினவங்க நாம, எனக்கு இதுதான் சரிப்படுது.

ஜூன் இருபதோட ஆர்.சி. முடியுது. டாக்டர்கிட்ட நாம ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கும்போதே அஞ்சு வயசு, இப்ப முப்பது ஆகுது. இன்னும் அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிக்கலாமா, உடைக்கக் குடுத்துடலாமா? உன் பேர்ல இருக்கு, நீதான் சொல்லணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். வள்ளிக்கண்ணு போய் இந்த ஆவணி வந்தா ரெண்டு வருஷம். அனுசுயா சோறு போடறா, மாத்திரை எடுத்து வைக்கிறா, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா மூஞ்சியைப் பார்த்துப் பேச மாட்டா. காரை ஓட்டும்போதுகூட, அம்மா உக்கார்ற சீட்டுல பையை வைக்க மாட்டா. போன வாரம் கேட்டே விட்டா: "சாவி கையில இருந்துச்சு, கார் வாசல்ல நின்னுச்சு. ஒரு துணியைப் பார்த்துட்டு அம்மாவை ஆட்டோவுக்கு நிக்க வச்சீங்களேப்பா." காது கேக்காதவன்னு சத்தமா வேற சொன்னா, தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவளுக்கு என்ன தெரியும்? கார் உன் வாசல்ல நின்னுச்சு. ஸ்டீயரிங்ல நீ சிவப்புத் துணி கட்டியிருந்தே. பிரேக்கைக் கழட்டி வேலை நடக்குது, எவனும் எடுக்கக் கூடாதுன்னு அர்த்தம். கட்டினவன்தான் அவிழ்க்கணும், கம்பெனியில சேர்ந்த நாள்லேர்ந்து நமக்கு அதுதானே சட்டம். நீயும் தங்கச்சி லூர்துவும் பூசையில இருந்தீங்க. எனக்கோ போன் பேச வராது. நெஞ்சு வலின்னு துடிச்ச வள்ளிக்கண்ணுவைக் கைத்தாங்கலா மெயின் ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போய், ஆட்டோ கிடைக்க இருபத்தஞ்சு நிமிஷம். அரை மணி முன்னாடி வந்திருக்கலாமேன்னு ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னது அனுசுயா காதுல விழுந்துடுச்சு. அதுலேர்ந்துதான் இப்படி.

நீ ஒரே ஒரு வரி எழுது. 'அன்னைக்குப் பிரேக் கழட்டியிருந்தது, காரை எடுத்திருக்க முடியாது'ன்னு அனுசுயா பேருக்கு. நான் சொன்னா நம்ப மாட்டா, செபஸ்தி மாமா எழுதினா நம்புவா.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்லு.

அழகிரி


பொன்மலைப்பட்டி
3-3-2024

அன்புள்ள அழகிரிக்கு,

செபஸ்தியான் எழுதுவது. நானும் லூர்துவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் எல்லாரும் அங்கே சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன்.

கைப்பிடி பத்திரமாக இருந்தது. டின்னை நீ சுற்றிய விதம்தான் சரியில்லை. மூட்டு மேல்பக்கம் விட்டிருக்கிறாய், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காதா? கழட்டித் திருப்பி மாட்டிவிட்டேன். ஆக்ஸிலேட்டர் கேபிள் நுனியில் பிரிந்து இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது, நீ கவனிக்கவே இல்லை. புதுசு ஆன்லைனில் போடுகிறேன் என்றான் எங்கள் பையன் ஜோஸ். இந்தப் பையன்களுக்கு எல்லாமே ஆன்லைன்தான். பழைய ஸ்கூட்டர் கேபிள் ஒன்றை அளவெடுத்து வெட்டி நானே மாட்டினேன். கடைசியில் இருக்கிற சின்ன கிளிப்பை உள்ளே தள்ளத்தான் படாத பாடு. இடது கையில் இரண்டு விரல் இல்லாதவன் அந்தச் சந்துக்குள் என்ன செய்ய முடியும்? டார்ச் பிடித்துக்கொண்டிருந்த லூர்து, டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு அவளே தள்ளிவிட்டாள். அன்று முதல் "நான் மாட்டின கிளிப்பு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இப்போது கார் ஒழுங்காக ஓடுகிறது. காலையில் எடுக்கும்போது சோக்கை முழுசாக இழுக்காதே, பாதி போதும்.

இங்கே பூட்டிக் கிடக்கிற உன் வீட்டுப் பூட்டில் எண்ணெய் விட்டேன். பின்னால் முருங்கைக் கிளை ஒடிந்து விழுந்திருந்தது, அப்புறப்படுத்தியாகிவிட்டது.

தவக்காலம் ஆரம்பித்துவிட்டது. பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க என்று லூர்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். போன வருஷமும் நான் போகவில்லை. இந்த வருஷமும் போவேன் என்று தோன்றவில்லை.

அனுசுயாவுக்கு எழுதச் சொன்னாய். இரண்டு தடவை உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. நெருக்காதே. ஆர்.சி. விஷயத்தையும் அப்புறம் பார்ப்போம்.

உன்,
செபஸ்தியான்


ஸ்ரீரங்கம்
7-4-2024

செபஸ்தி,

வண்டி ஓடுது. தங்கச்சி மாட்டின கிளிப் அசையலை, சொல்லிடு. பிரேக் மிதி மட்டும் கொஞ்சம் கீழே போகுது. ஆயில் ஊத்தினேன், அப்பவும் அப்படித்தான். பின்சக்கரத்தைத் திறந்து பார்க்கணும். வள்ளிக்கண்ணு போனதுலேர்ந்து அந்த ரெண்டு சக்கரத்தை நான் தொடறதில்லை, உனக்கே தெரியும். நீ பார்த்துக்க.

போன மாசம் ஜோஸ் காரை விட்டுட்டுப் போனதும் மொதல் வேலையா டேஷ்போர்டைத் திறந்தேன். எனக்கு ஒரு கடுதாசி, கண்ணாடிக் கைப்பிடி. அனுசுயா பேருக்கு ஒண்ணுமில்லை. சீட்டுக்கு அடியிலகூட கையை விட்டுத் தேடினேன், விழுந்திருக்குமோன்னு. ஒரு வரி எழுத உனக்கு என்னடா கஷ்டம்? கம்பெனியில பக்கம் பக்கமா ஷிப்டு நோட்டு எழுதினவன்தானே நீ. சாவு வீட்டுல உன் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன், பிரேக் கழட்டித்தானே இருந்துச்சுன்னு. நீ தலையை ஆட்டினே. அதை அப்படியே காகிதத்துல எழுதுன்னுதானே கேக்கறேன்.

அனுசுயா இப்ப சுத்தமா பேச்சை நிறுத்திட்டா. சாப்பாட்டை மூடி வச்சுட்டு ஆபீசுக்குப் போயிடறா. பொன்மலைப்பட்டி வீட்டைத் திறந்து அப்பாவை அங்கேயே கொண்டுபோய் விட்டுடலாமான்னு மாப்பிள்ளைகிட்ட கேட்டிருக்கா. சுரேஷ்குமார் நல்ல மனுஷன், மனசு கேக்காம என்கிட்ட ஒரு சீட்டுல எழுதிக் காட்டினார். எனக்குன்னு இருக்கறவ அவ ஒருத்திதான். அவளும் என்னை வேண்டாம்னுட்டா நான் எதுக்குடா உசுரோட இருக்கணும்?

மே மாசம் கார் வரும்போது அந்தக் காகிதம் உள்ளே இருக்கணும். இல்லேன்னா காரை நீயே வச்சுக்க, கடுதாசியும் போட வேண்டாம்.

அழகிரி


பொன்மலைப்பட்டி
5-5-2024

அழகிரி,

பின் பிரேக்கைத் திறந்து பார்த்தேன். லைனிங் தேய்ந்துபோயிருக்கிறது. புது பிரேக் ஷூ வாங்கி டிக்கியில் வைத்திருக்கிறேன். நான் மாட்டவில்லை. ஏன் என்று படித்தால் உனக்கே தெரியும்.

அனுசுயாவுக்கு நீ கேட்ட வரியை நான் எழுத மாட்டேன். அது பொய்.

அன்று காலை ஏழரைக்கே என் வேலை முடிந்துவிட்டது. ஷூ மாட்டி, டிரம்மைப் போட்டு, சக்கரத்தை முடுக்கினேன். மிதித்துப் பார்த்தேன், பிரேக் நன்றாக நின்றது. ஜாக்கியை மடித்து டிக்கியில் வைத்தேன். எட்டு மணிப் பூசைக்கு நேரமாகிறது என்று லூர்து வாசலில் நின்று கத்தினாள். கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். துணியை அவிழ்க்க மறந்துவிட்டேன். கார் ஓடுகிற நிலையில்தான் நின்றுகொண்டிருந்தது, அழகிரி. தங்கச்சி வள்ளிக்கண்ணுவை அதிலேயே கொண்டுபோயிருக்கலாம்.

பூசை முடிந்து வரும்போது தெருவில் சொன்னார்கள். ஸ்டீயரிங்கில் துணி தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் பார்ப்பதற்கு முன்னால் அவிழ்த்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். அப்புறம் சாவு வீட்டில் நீ கேட்டாய். நீ இருந்த நிலையில் எனக்கு வாய் வரவில்லை, தலையை ஆட்டினேன். இரண்டு வருஷமாக அதைச் சுமந்துகொண்டுதான் உனக்குச் சைலன்சரைப் பற்றியும் கேபிளைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷமாக நாம் இரண்டு பேரும் பேசாமல் விட்டது. 89-ல் பிரஸ்ஸில் நான் அச்சு மாட்டிக்கொண்டிருந்தபோது, ஸ்விட்சில் நான் கட்டியிருந்த துணியை நீ அவிழ்த்து மிஷினை ஓடவிட்டாய். வீட்டுக்குப் போகிற அவசரம் உனக்கு. என் விரல் இரண்டும் போயின. துணி கட்ட மறந்துவிட்டேன் என்று விசாரணையில் நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன் வேலை போயிருக்கும், தங்கச்சி வயிற்றில் அப்போது அனுசுயா. அதற்காக நான் ஒருநாள்கூட வருத்தப்பட்டதில்லை.

ஆனால் அன்று கட்டின துணியை மறந்துவிட்டதாக எழுதினேன். இன்று மறந்துபோன துணியை மறக்கவே இல்லை என்று எழுதச் சொல்கிறாய். அதுவும் அந்தப் பிள்ளைக்கு. என்னால் முடியாது.

இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. கோபம் உன்னை விட்டு என் மேல் வரட்டும். அவள் அம்மாவை நான்தான் சாகவிட்டேன் என்று நினைத்தாலும் சரி, நானே பல நாள் அப்படித்தான் நினைக்கிறேன். லூர்துவுக்கு நேற்றுதான் சொன்னேன். உட்கார்ந்து அழுதாள்.

அந்தத் துணியையும் இதோடு வைத்திருக்கிறேன். கார் இனிமேல் உன்னிடமே இருக்கட்டும். புதுப்பிப்பதோ உடைக்கக் கொடுப்பதோ, நீ சொல்கிற இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.

செபஸ்தியான்


ஸ்ரீரங்கம்
30-5-2024, வியாழன்

மச்சான் செபஸ்திக்கு,

இது தபால்ல வருது, ஏன்னா ஞாயித்துக்கிழமை கார் வராது.

தேர்க் கூட்டத்துல தெருவுக்குள்ள நுழைய முடியாம ஜோஸ் காரை அம்மா மண்டபத்துக்கிட்டயே நிறுத்திட்டு, உன் கடுதாசியைக் கையில கொண்டாந்து குடுத்தான். நாலு நாள் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். உன் மேல அப்படி ஒரு ஆத்திரம். நீ மறந்ததுக்கு இல்லை, அதை எழுத்துல போட்டியே அதுக்கு. அஞ்சாம் நாள் அனுசுயாகிட்ட குடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சா, மடிச்சா. ஒரே ஒரு கேள்வி கேட்டா. சத்தமாக்கூடக் கேக்கலை, வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

"நீங்க சக்கரத்தைப் பார்க்கலையாப்பா?"

ஃபிட்டர் பெத்த பொண்ணு இல்லையா, அதைத்தான் கேப்பா. உனக்கும் நான் இதைச் சொல்லியாகணும், செபஸ்தி. பார்த்தேன். நட்டெல்லாம் முடுக்கியிருந்துச்சு, ஜாக்கி கீழே இல்லை, குழாயடியில நீ கை கழுவின சோப்பு நுரை காயக்கூட இல்லை. வேலை முடிஞ்சுபோச்சுன்னு பார்த்த உடனே எனக்குத் தெரிஞ்சுடுச்சு. கதவைத் திறந்து முடிச்சு மேல கையும் வச்சேன். உன் ரெண்டு விரலும் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. அதுக்கு மேல கை போகலை. அவளைக் கூட்டிக்கிட்டு ரோட்டுக்கு நடந்தேன். உன்கிட்ட நான் கேட்ட வரி அனுசுயாவுக்கு மட்டும் இல்லை. எனக்கே அந்தப் பொய் வேண்டியிருந்துச்சு.

அவகிட்ட இதையெல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன். கேட்டுட்டு உள்ளே போயிட்டா. இருபது நாள் வீட்டுல பேச்சே இல்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்துச்சு.

நேத்து காலையில, நீ டிக்கியில வச்ச ஷூவை எடுத்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போறதோ உடைக்கப் போறதோ, பிரேக் இல்லாத வண்டியை அவ ஓட்டக் கூடாதுன்னு நெனச்சேன். உன் துணியை ஸ்டீயரிங்ல கட்டிட்டுத்தான் கீழே உக்கார்ந்தேன். ரெண்டு பக்கமும் மாட்டி முடிக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. மிதிச்சுப் பார்த்தேன், நல்லா நின்னுச்சு. கை கழுவினேன், காப்பி குடிச்சேன், பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு உக்கார்ந்துட்டேன்.

அனுசுயா ஆபீசுக்குக் கிளம்பி சாவியை எடுத்துக்கிட்டு வெளியே போனா. ரெண்டு நிமிஷத்துல திரும்பி வந்து, சாவியை ஆணியில மாட்டிட்டுக் குடையை எடுத்துக்கிட்டு நடந்துட்டா. அந்த நேரத்துல ஒண்ணாம் நம்பர் பஸ்ல கால் வைக்க முடியுமா? ஏன் பஸ்ஸுக்குப் போறான்னு எனக்குப் புரியலை. எழுந்து வாசல்ல போய்ப் பார்த்தேன். துணி கட்டினபடியே இருக்கு. வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆயிடுச்சு, நான் அவிழ்க்க மறந்துட்டேன். உன்னை மாதிரியேதான், செபஸ்தி. கதவைத் திறந்து வள்ளிக்கண்ணு உக்கார்ற சீட்டுல உக்கார்ந்து அழுதேன். போறவங்க வர்றவங்க பார்த்தாங்க, பார்க்கட்டும்.

சாயங்காலம் அவ வந்ததும், வேலை அப்பவே முடிஞ்சுதும்மா, அவிழ்த்துட்டு எடுத்துக்கிட்டுப் போயிருக்கலாமேன்னு கேட்டேன். பக்கத்துல வந்து, காதுக்கிட்ட குனிஞ்சு சொன்னா.

"கட்டினது நீங்கதானேப்பா."

அப்புறம் காப்பி போட்டுக் கொண்டாந்து குடுத்துட்டு, குடிச்சு முடிக்கிறவரைக்கும் பக்கத்துலயே உக்கார்ந்திருந்தா.

இன்னும் நான் அவிழ்க்கலை. அவ இன்னிக்கும் பஸ்லதான் போனா. ஞாயித்துக்கிழமை நீ கிளம்பி வா, தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வா. நீ வந்தப்புறம்தான் அவிழ்ப்பேன். நீ தலையாட்டினதுக்கு எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கு, விரலுக்காக உனக்கும் எங்கேயாவது இருக்கும். வந்து உக்காரு, எதிர்ல வச்சுப் பேசிக்கலாம். எனக்குக் கேக்கலேன்னா கத்து.

வரும்போது ஆர்.சி. புக்கை மறக்காம எடுத்துட்டு வா.

உன் மச்சான்,
அழகிரி