கடல்பசு அசை போடுமா

பிள்ளைப்பாக்கம்
20-11-1991

அன்பு மகள் எழிலரசிக்கு உன் சித்தப்பா முனிரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் சித்தி கிளியம்மாள், உங்கப்பா, நாலு மாடு, ஒரு கிடாரிக் கன்று எல்லோரும் கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அதேபோல் அங்கே நீயும் மாப்பிள்ளை பிலிப்பும் பேரன் பிரசன்னாவும் உங்களைச் சுற்றி இருக்கிற கடலும் நன்றாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு நீ போட்ட கடிதம் மழையில் ஊறி மை கலைந்துதான் வந்தது, ஆனாலும் ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டேன், அஞ்சாம் வகுப்போடு நின்றவன் என்று என்னைச் சொல்கிறவர்கள் அதை வாங்கிப் படித்துப் பார்க்கட்டும். இந்த வருஷம் மழை வெளுத்து வாங்கிவிட்டது, ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது, சாயங்காலம் கரைமேல் நின்றால் எதிர்க்கரை தெரியாமல் பனி மூடிக்கொண்டு நம் ஊருக்கே கடல் வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. என் கம்பெனி வேலையும் நன்றாகப் போகிறது, கேட் என் பொறுப்பு, கேட் என்றால் கம்பெனியே என் பொறுப்பு என்றுதான் அர்த்தம், நான் திறக்காவிட்டால் முதலாளியே படப்பை ரோட்டில் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்போது முக்கியமான சேதிக்கு வருகிறேன், உட்கார்ந்து படி. தைப்பொங்கல் முடிந்ததும் நாங்கள் அந்தமானுக்குப் புறப்பட்டு வருகிறோம். விருந்தாட வரவில்லை, அந்தத் தீவுகளில் இருக்கிற ஜீவராசிகளைப் பார்க்க வருகிறோம், அப்படித்தான் ஊரில் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே வைத்துக்கொள். நானும் சித்தியும் மட்டும் இல்லை, உங்கப்பாவும்தான். நீ நம்பமாட்டாய் என்று தெரியும், அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நீ நர்ஸ் வேலைக்கு அங்கே போன இடத்தில் பிலிப்பைக் கல்யாணம் செய்துகொண்ட சேதி வந்த அன்று, அவள் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று ஊர் நடுவில் நின்று அவர் சொன்னது உனக்கே தெரியும். அதற்கப்புறம் உன் கடிதத்தை யார் படித்தாலும் எழுந்து போய்விடுவார். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா, இதை உனக்கு இதுவரை எழுதவில்லை, உன் கடிதம் வந்தால் மாட்டுக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு போய்ச் செவலை மாட்டுக்கு எதிரே உட்கார்ந்து சத்தமாகப் படிப்பேன். மாட்டுக்குப் படிக்கிறவனை யார் என்ன சொல்ல முடியும். உங்கப்பா அங்கே அவர் பாட்டுக்குச் சாணி அள்ளிக்கொண்டிருப்பார். பேரன் பிறந்த சேதி, அவனுக்குப் பல் முளைத்த சேதி எல்லாம் அந்தச் செவலை மாட்டுக்குத்தான் முதலில் தெரியும். இந்த யோசனை இந்த ஜில்லாவில் வேறு எவனுக்கும் வந்திருக்காது.

தீபாவளிக் கடிதத்தில் நீ மாப்பிள்ளையோடு அவர் ஓட்டுகிற பாரஸ்ட் போட்டில் போனபோது தண்ணீருக்கடியில் புல் மேய்கிற கடல்பசுவைப் பார்த்ததாக எழுதியிருந்தாயே, அதைப் படிக்கும்போது சாணிக் கூடை கீழே வைக்கிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. உன் கடிதம் வந்தால் வாயே திறக்காத மனுஷர், முதுகுக்குப் பின்னால் நின்று, அது அசை போடுமா என்று கேட்டார். மாடு வளர்க்கிறவர் வேறென்ன கேட்பார். எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா, பௌர்ணமி வெளிச்சத்தில் கூட்டமாக மேலே வந்து பாறைமேல் தாடையை வைத்துக்கொண்டு அசை போடும், கரையோரம் வெள்ளையாக ஒதுங்குகிறதே அது அலைநுரை என்று நினைக்கிறார்கள், பாதி அது வாய்நுரை என்றேன். நீ போய்ப் பாத்தியா என்று கேட்டார். வாண்ணே, ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் ஏரியில் எருமைகள் மூக்கு மட்டும் தெரிய மிதந்துகொண்டிருந்தன, உங்கப்பா கரையில் குந்தி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார், வெயில் சாய்ந்து தண்ணீரெல்லாம் செம்பு நிறமாகியும் எழுந்திருக்கவில்லை. அவர் பார்த்தது நம் ஊர் எருமைகளை இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் கொட்டகையில் தீவுகளைப் பற்றி நான் பேசுகிறேன், மாடுகளும் அவரும் கேட்கிறார்கள். மரம் இழுக்கிற யானைகள் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் கடலில் நீந்திப் போகும், துதிக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே வாழைப்பூ மாதிரி நிற்கும் என்று சொன்னேன், இது நீ எழுதியது, வாழைப்பூ மட்டும் நான் சேர்த்தது. பங்குனி ஆமைகள் கடலிலிருந்து ஏறி வந்து மணலில் குழி பறித்து முட்டையிடும், இடும்போது கண்ணில் தண்ணீர் வடியும் என்றதும் கிளியம்மாளுக்கும் கண் கலங்கிவிட்டது. தென்னைமரம் ஏறித் தேங்காய் பறிக்கிற நண்டு, எச்சிலால் கூடு கட்டுகிற குருவிகள் இருக்கிற குகை, எல்லாம் சொல்லிவிட்டேன். முதலையைப் பற்றிக் கொஞ்சம் தாராளமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, உங்கப்பா, அந்தப் புள்ளையத் தண்ணி கிட்ட வுடுறாளா என்று கேட்டுவிட்டு, கேட்கவே இல்லாத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். கழிமுகப் பக்கம் பேரனைத் தனியாக விடாதே, இதை நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

கம்பெனியில் சூப்பர்வைசர் ரகுபதியிடம் லீவு கேட்டபோது, ஆமை எண்ணுவதற்குச் சர்க்காரே என்னைக் கூப்பிட்டிருக்கிறது என்றேன், அவர் சிரித்தாலும் லீவு கொடுத்துவிட்டார், ஒரு சங்கு கேட்டிருக்கிறார். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கித் துறைமுகம் போக வேண்டும், கப்பல் ஆபீசில் விசாரித்துவிட்டேன், அங்கே இருந்தவர் என்னை மாலுமி என்றே நினைத்துவிட்டார். கப்பல் தேதி இன்னும் முடிவாகவில்லை, ஆனால் சனி அல்லது திங்கள்தான் கிளம்பும் என்கிறார்கள், ரெண்டு நாளும் கிழக்கே சூலம், நாம் போகிறதோ நேர் கிழக்கு. அதற்குத்தான் பரஸ்தானம் இருக்கிறதே, நல்ல நாள் பார்த்துத் துணிமூட்டையைக் கிழக்கே ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் அன்றைக்கே பிரயாணம் கிளம்பியாகிவிட்டது என்று கணக்கு, அப்புறம் எந்தச் சூலமும் ஒன்றும் செய்யாது. மார்கழியில் வைக்கக் கூடாது என்பதால் போன வாரமே மூட்டையைக் கிழக்குத் தெரு நரசிம்மன் வீட்டில் வைத்துவிட்டேன். அதில்தான் ஒரு காரியம் ஆகிவிட்டது. மூட்டை கட்டியது சித்தி, மூன்று பேர் துணியையும் ஒன்றாகவே துவைத்து மடிக்கிறவள், பழக்கத்தில் உங்கப்பாவின் தீபாவளி வேட்டியையும் சேர்த்து வைத்துக் கட்டிவிட்டாள். அவள் தெரியாமல் செய்தேன் என்று அழுகிறாள், நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே போன மூட்டை பிரயாணம் முடியாமல் வீடு திரும்பக் கூடாது, அதில் துணி இருக்கிறவர் போகாமல் நின்றுவிட்டால் வீட்டுக்கு ஆகாது, இது உனக்கும் தெரியும். படப்பையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்ப உங்கப்பா வேட்டியைத் தேடினார், சித்தி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை, நான்தான் சொன்னேன். என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். சாணிக்கறை பட்ட பழைய வேட்டியைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தார், மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி பார்த்தார்களாம். மறுநாள் காலையில் நரசிம்மன் என்னை வழியில் நிறுத்தி, உங்க அண்ணன் விடிஞ்சதும் வந்தாரு, வேட்டிய எடுக்கத்தான் வந்தாருன்னு நெனச்சேன், மூட்டைய அவுத்து என்னமோ உள்ள வெச்சிக் கட்டிட்டுப் போனாரு, உள்ள வெக்கும்போது மணிச் சத்தம் கேட்டுது என்றான். வீட்டுக்கு வந்து பார்த்தேன், நம் கிடாரிக் கன்றின் கழுத்து வெறுமையாக இருக்கிறது. அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்து ஒரு பிடி புல் போட்டேன். எனக்குக் கூடச் சில நேரம் பேச்சு வருவதில்லை.

நேற்றுச் சாயங்காலம் ஏரிக்கரையில் அவராகவே பேசினார். அண்ணே, நாம தங்கப்போறது பாரஸ்ட் பங்களாவுல, அங்க எழிலு வூடு எந்தப் பக்கம்னு கூடத் தெரியாது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். “டேய் ரத்தினம், நான் சொன்ன சொல்லு சொன்னதுதான், அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன். ஆனா அவ புள்ளையத் தூக்கிகினு வெளிய வந்து நின்னா எனக்கு இன்னா, கண்ண மூடிகினா போவ முடியும்” என்றார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இந்த ஒரு தடவை நான் எதையும் சேர்க்கவில்லை அம்மா, அவர் சொன்னது சொன்னபடி.

ஆகையால் நீ செய்ய வேண்டியது இதுதான். பாரஸ்ட் பங்களாவுக்கு மாப்பிள்ளையிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல். கப்பல் வருகிற அன்று டூட்டி போட்டுக்கொள்ளாதே, பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து துறைமுகத்தில் வெளியே நில், அழாதே, வா என்று கூப்பிடாதே, சும்மா நில். கடல்பசு அசை போடாது என்றால் அதை இப்போது எழுதிவிடாதே. பேரனுக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடு, உப்புக்காற்றில் உடம்பு வறண்டுவிடும். மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல், மழையில் போட்டை வேகமாக ஓட்ட வேண்டாம் என்று சொல். நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று நானும் சித்தியும் அம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறோம். பதிலை உடனே போடு, மறக்காதே, இந்த முறை என் பேருக்குப் போடாதே. உங்கப்பா பேருக்குப் போடு. மண்ணாங்கட்டி என்று முழுப் பேரையும் பெரிய எழுத்தில் எழுது, தபால்காரர் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
முனிரத்தினம்