டீக்கடையில் நீர் வாசித்த செய்திகள்

அன்புள்ள உமக்கு,

நேற்று இஸ்திரி மேசையின் கம்பளியை மாற்றினேன். அடியில் விரித்திருந்த பழைய பேப்பர்கள் சூட்டில் பழுத்து, தொட்டால் அப்பளம் போல் உடைந்தன. தூக்கி எறியப் போனவன் நின்றுவிட்டேன். இப்போதெல்லாம் எழுத்துள்ள காகிதத்தைச் சும்மா எறிய எனக்கு மனம் வருவதில்லை. சோப்பு உறை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எது கிடைத்தாலும் வாசிக்கிறேன். மலையாளம் வகுப்பில் வந்தது, தமிழ் மருமகள் சொல்லிக்கொடுத்தது. அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

அது மூன்று வருஷத்துக்கு முந்திய மே மாதத்து மலையாளப் பேப்பர். முதல் பக்கத்தில், நம் கழக்கூட்டம் சாலையில் காற்றுக்கு விழுந்த தூங்குமூஞ்சி மரத்தின் படம் இருந்தது. அந்தக் காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஹாஸ்டல் பெண் நிவேதா நம் தெருவுக்கு வந்த முதல் காலை அது. நீர் அந்தப் படத்தைக் காட்டி மரத்தைப் பற்றி வாசித்தீர். பிறகு பக்கத்தைத் திருப்பி, நெய்யாற்றிலிருந்து ஏறி வந்த முதலை ஒரு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் படுத்துக்கொண்டது, ஊழியர்கள் ஜன்னல் வழியாக இறங்கினார்கள் என்று வாசித்தீர்.

நேற்று அந்த முதலையைத் தேடினேன். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, விளையாட்டுப் பக்கம் வரைக்கும் தேடினேன். முதலை இல்லை. தனியாக நின்று சிரித்தேன். துணி கொடுக்க வந்த பெண் ஒரு அடி பின்னால் போனாள்.

உமக்கு எழுத்து தெரியாது என்பது எனக்கு அந்த வருஷமே தெரிந்துவிட்டது. உம்மிடம் சொன்னதில்லை. இப்போது எழுத வந்துவிட்டது, எழுதுகிறேன்.

காலை ஐந்தரைக்கு உமது கடை முன்னால் நம் ஊர்ப்பக்கத்து ஆட்கள் வேலைக்குப் போகும் வேனுக்காக நிற்பார்கள். கொத்தனார்கள், சித்தாள்கள், ஓட்டல் வேலைக்காரர்கள். நீர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மலையாளப் பேப்பரை விரித்துத் தமிழில் சொல்லுவீர். அவர்களுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்த மலையாளிகள் ஏழு மணிக்கு மேல்தான் சாயா குடிக்க வருவார்கள். அதற்குள் பேப்பர் மடிந்து பெஞ்சில் கிடக்கும். நீர் வாசித்ததில் விடியற்காலை ரேடியோவில் கேட்டது பாதி, பால் கொதிக்கும்போது மனதில் தோன்றியது பாதி. பதினைந்து வருஷம் இப்படி ஓடியது. நாள் முழுக்க நீர் டீக்காரர். அந்தக் கால் மணி நேரம் மட்டும் ‘படிச்ச அண்ணாச்சி’. அந்தப் பெயருக்காகத்தான் நீர் நாலு மணிக்கு எழுந்தீர் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அந்த இடத்துக்குத்தான் நிவேதா வந்தாள். கரூர்ப் பெண். ஐ.டி. பார்க்கில் ஒரு கம்பெனியில் இரண்டு மாதம் வேலை பழக வந்தவள், நம் சந்தின் கடைசியில் இருந்த பெண்கள் ஹாஸ்டலில் தங்கினாள். முதல் வாரம் தினமும் ஒரு சுடிதாரை என்னிடம் நீட்டினாள். “கஞ்சி மொடமொடன்னு இருக்கணும் தாத்தா” என்பாள். இரண்டாம் வாரம் வெறுங்கையோடு வந்தாள். “ஆபீஸ்ல எல்லாரும் படுக்கையில இருந்து எழுந்த மாதிரியேதான் வராங்க. நான் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போன மாதிரி இருக்கேன்” என்றாள்.

“அப்போ இவன் பொழப்பு?” என்று என்னைக் காட்டிக் கேட்டீர்.

“ஞாயித்துக்கிழமைக்குக் குடுக்கறேன். ஊர் சுத்தும்போதாவது நல்லா இருக்கணும்ல.”

ஆபீசில் என்ன வேலை என்று ஒரு நாள் கேட்டீர். மற்றவர்கள் செய்து வைத்ததில் தப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை என்றாள். “நல்ல வேலைதான். எங்க வீட்டுக்காரி அதையேதான் சம்பளம் இல்லாம பாக்குதா” என்றீர். அவள் பழம்பொரியைக் கடித்தபடி சிரித்துப் புரையேறினாள். சாயங்காலம் ஐந்தரைக்கு இரண்டு பழம்பொரி, ஒரு சாயா. ஹாஸ்டலின் சிவப்பரிசிச் சோறு தொண்டையில் இறங்காத நாட்களில் அதுதான் அவளுக்கு ராச்சாப்பாடு.

இந்த ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இருவரும் அவளுக்கு ஊரைக் காட்டினோம். நீர் கடையை மைத்துனரிடம் விட்டுவிட்டு வெள்ளை வேட்டியில் வருவீர், சட்டைப்பையில் கண்ணாடி. கிழக்கேகோட்டைக்குப் போனோம். அங்கத்து வழக்கப்படி அவள் சுடிதாரின் மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குள் போய் வந்தாள். மிருகக்காட்சிசாலையில் நீர்யானை வாய் திறக்கும்வரை முக்கால் மணி நேரம் நின்றாள். அது கடைசிவரை திறக்கவில்லை. சங்குமுகம் கடற்கரையில், தலைக்கு மேல் இறங்கிய விமானத்தைப் பார்த்து நீர்தான் முதலில் கை ஆட்டினீர்.

பஸ் ஏறுவதற்கு நீர் ஒரு வழி வைத்திருந்தீர். நிறுத்தத்தில் நிற்கும் பள்ளி வயதுப் பிள்ளையைப் பிடித்து, “எத்தனாம் கிளாஸ்? எங்க, அந்த போர்டை வாசி பாப்போம்” என்று வாத்தியார் மாதிரி கேட்பீர். பிள்ளை வாசிக்கும். “மிடுக்கன்!” என்று மெச்சித் தலையில் தட்டிவிட்டு, “வாங்க, இதுதான் நம்ம வண்டி” என்பீர். நான் அதை உமது குழந்தைப் பாசம் என்றே நினைத்திருந்தேன்.

நிவேதா சும்மா இருக்கவில்லை. ஹாஸ்டலிலிருந்து ஆபீசுக்கு நடக்கும் வழியில் கடைப் பலகைகளைப் பார்த்து, போனில் சரிபார்த்து, நாளுக்கு இரண்டு எழுத்தாக மலையாளம் கற்றுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து, எதிர்ப் பேக்கரியின் பெயரை உரக்க வாசித்துக் காட்டுவாள். நான் கை தட்டினேன். நீர் கிளாஸ் கழுவினீர். அவள் தலை தெரிந்தாலே பேப்பர் மடிந்து பெட்டிக்குள் போக ஆரம்பித்தது. அது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அவள் ஊருக்குத் திரும்ப ஒரு ஞாயிறுதான் மிச்சம் இருந்தது. பொன்முடிக்குப் போய் மஞ்சுப் பனிக்குள் நிற்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். வித்துரா சந்தையில் இறங்கினோம். இரண்டு பஸ்கள் நின்றன. அன்று பள்ளி வயதுப் பிள்ளைகள் யாரும் கண்ணில் படவில்லை. நீர் கண்ணாடியை மாட்டி, அண்ணாந்து பார்த்து, “இதுதான் பொன்முடி. ஏறுங்க” என்றீர். நிவேதா போர்டைப் பார்த்தாள். உமது முகத்தைப் பார்த்தாள். ஏறினாள்.

வண்டி சந்தையைத் தாண்டிக் கிளைச் சாலையில் திரும்பிய பிறகு நடத்துநர் வந்தார். “மூணு பொன்முடி” என்றீர்.

“அண்ணாச்சி, பொன்முடி வண்டி அப்புறத்தாணு. இது போணக்காடு. போர்டு கண்டில்லே?”

உமது முகம் ஒரு கணம் செத்துவிட்டது. அடுத்த கணம் மறுபடி பழைய ஆளானீர். “தெரியும்வே. பொன்முடிய எல்லா பயலும் பாப்பான். போணக்காட்டை இந்தப் பிள்ளைக்கு யாரு காட்டுவா? மூணு போணக்காடு குடும்.” டிக்கெட்டை வாங்கியதும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டீர். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

காட்டுச் சாவடியில் பெயர் எழுதச் சொன்னார்கள். நீர் நோட்டை அவள் பக்கம் தள்ளி, “சின்னப் பிள்ளை எழுதட்டும்” என்றீர். அவள் மூவர் பெயரையும் எழுதினாள். மேலே, மூடிக்கிடந்த தேயிலை ஃபாக்டரியில் கண்ணாடி எல்லாம் உடைந்திருந்தது. வெட்ட ஆளில்லாத தேயிலைச் செடிகள் மரமாக நின்றன. தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா நம் தமிழ் கேட்டு வெளியே வந்து பாலில்லாத கட்டன் சாயா கொடுத்தாள். நீர் உறிஞ்சிப் பார்த்து, “இலை நல்ல இலை. கைதான் சரியில்ல” என்றீர். அவள், “அப்ப நீங்களே போடுங்க” என்று அடுப்படியைக் காட்டிவிட்டாள். நீர் போகத்தான் செய்தீர்.

அந்த நேரத்தில்தான் நிவேதா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். “போர்டு எனக்குத் தெரிஞ்சுது, இஸ்திரி தாத்தா. சொல்லத் தோணலை. பொன்முடி எங்கே ஓடிடப் போகுது.”

பதினைந்து வருஷத்துப் பேப்பரும், பள்ளிப் பிள்ளைகளும், மடித்து ஒளித்த காலைகளும் எனக்கு ஒன்றாகப் புரிந்தன. நீர் உள்ளே அந்த அம்மாவோடு இஞ்சி எவ்வளவு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தீர். நாங்கள் இருவரும் யாரிடமும் சொல்வதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை.

அவள் புறப்பட்ட காலை, ஆறு மணிக்கு முன்பே பையோடு கடைக்கு வந்துவிட்டாள். உமக்குப் பேப்பரை மடிக்க நேரம் இல்லை. நடுவில் இருந்தீர். விழிஞ்ஞத்தில் வலை போட்டவர்களுக்கு ஒரு வெண்கலக் கட்டில் கிடைத்ததாக வாசித்துக்கொண்டிருந்தீர்.

கொத்தனார் பால்பாண்டி விடவில்லை. “கட்டிலா? வலையிலயா? எங்க போட்டிருக்கு அண்ணாச்சி, காட்டும் பாப்போம்.”

“சொன்னா உனக்கு எழுத்து தெரியுமாடே?”

“எனக்குத் தெரியாது. பாப்பாவுக்குத் தெரியும்லா. பாப்பா, உன் வேலையே தப்பு கண்டுபிடிக்கதுதானே? இந்தா, பாத்துச் சொல்லு.”

பேப்பரை உமது கையிலிருந்து உருவி அவளிடம் கொடுத்துவிட்டான். பத்துப் பன்னிரண்டு பேர் அவள் முகத்தையே பார்த்தார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நீர் தீயைக் குறைக்கவில்லை. பதினைந்து வருஷத்தில் நீர் பாலைச் சிந்தவிட்டு நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அவள் விரலை வைத்துக் கீழே கீழே போனாள். நின்றாள்.

“இதோ இருக்குங்களே. வெண்கலக் கட்டில். ஆனா நாலு கால்ல ஒரு கால் இல்லையாம். அதைத் தாத்தா வாசிக்காம விட்டுட்டாரு.”

“அந்தக் காலை எங்க ஒளிச்சு வச்சீரு அண்ணாச்சி?” என்று யாரோ கத்த, எல்லோரும் சிரித்தார்கள். வேன் வந்தது, ஏறிப் போனார்கள். நீர் வழிந்த பாலைத் துடைத்தீர். அவளுக்கு ஒரு சாயா ஆற்றிக் கொடுத்தீர், வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாக. அவள் ஊதி ஊதிக் குடித்தாள். “வரேன் தாத்தா” என்றாள். நீர் அவள் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தீர். ஆட்டோ தெருமுனையைத் தாண்டும்வரை நாம் இருவரும் வாசலிலேயே நின்றோம்.

இரண்டு நாள் கழித்து என் மேசைக்கு வந்தீர். இஸ்திரிப் பெட்டிக்குச் சிரட்டைக் கரியை ஊதிக்கொண்டிருந்தேன்.

“வே, லைப்ரரியில பெரியவங்களுக்கு எழுத்து வகுப்பு நடத்துதாங்களாம். நீரு போகணும்.”

“நானா? அறுபத்தெட்டு வயசுல எனக்கு எழுத்து எதுக்குவே?”

“ஒத்தையில போகக் கூச்சமா இருந்தா நான் துணைக்கு வாரேன்.”

அப்படிச் சொல்லும்போது நீர் என்னைப் பார்க்கவில்லை, கரியைப் பார்த்தீர். “நீரு வந்தா போறேன்” என்றேன். எனக்கு எழுத்தின் மேல் ஆசை இல்லை. உமக்காகத்தான் போனேன்.

டீச்சர் நல்லவர், மலையாளி. என் பெயரை எழுதிக்கொண்டார். உமது பெயரைக் கேட்டதற்கு, “நான் படிச்ச ஆளு. இவனுக்குத் துணை” என்றீர். என் பக்கத்தில் உட்கார்ந்து சிலேட்டை ஓரக்கண்ணால் பார்த்தீர். உமக்கு ஓர் எழுத்து பிடிபடாதபோதெல்லாம், “டீச்சரே, இவனு மனசிலாயில்லா. ஒந்நுகூடி எழுதிக்காட்டு” என்று எனக்கு விளங்காததாகச் சொல்லுவீர். டீச்சர் இன்னொரு தடவை எழுதுவார். வகுப்பிலேயே மந்தமான ஆள் என்ற பெயர் எனக்கு வந்தது. பரவாயில்லை, நன்றாகவே இருந்தது. சாயங்காலம் அணைந்த கரித்துண்டை எடுத்துக்கொண்டு போய் பிஸ்கட் அட்டைப் பெட்டியின் பின்பக்கம் நீர் எழுதிப் பழகியதை நான் பார்த்ததில்லை என்றே வைத்துக்கொள்ளும்.

மார்கழியில் ஒரு காலை நீர் பேப்பரை விரித்தீர். வழக்கம்போல் மளமளவென்று வரவில்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினீர். நாளை... குடிதண்ணீர்... வராது. அவ்வளவுதான். நெற்றியில் வியர்வை.

“என்ன அண்ணாச்சி, இன்னைக்கு இப்படித் திக்குது? கண்ணு போச்சா?” என்றான் பால்பாண்டி.

“ஆமாடே, வயசாச்சுல்லா” என்றீர். ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்தீர். அப்படி ஒரு சிரிப்பை உமது முகத்தில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. மறுநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. நம் தெருவில் அதற்குச் சந்தோஷப்பட்டவர்கள் நாம் இருவர் மட்டும்தான்.

தை பிறந்து பத்து நாளில், தூக்கத்திலேயே போய்விட்டீர்.

பதினாறு நாள் கழித்து வகுப்புக்குப் போனேன். இனி எதற்கு என்று தோன்றியது, ஆனாலும் கால் போனது. டீச்சர் பலகையில் ஒரு கூட்டெழுத்தை எழுதினார். எனக்கு விளங்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தது. கை தானாக எழுந்தது, வாயில் வந்தது இதுதான்: “டீச்சரே, இவருக்கு மனசிலாயில்லா.”

டீச்சர் என் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். எழுதியதை அழித்துவிட்டு, முன்னைவிடப் பெரிதாக, மெதுவாக மறுபடி எழுதினார்.

இன்றைக்கும் அப்படித்தான். பாங்கில் ஃபாரம் நிரப்பும்போதும், ஆஸ்பத்திரிச் சீட்டில் தடுமாறும்போதும், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிடுகிறேன். எனக்காகக் கேட்பதென்றால் நாக்கு எழாது. உமக்காகக் கேட்பதாக நினைத்துக்கொண்டால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்க முடிகிறது.

இப்படிக்கு,
செல்லையா