ஏரிக்கரைக் குடிலுக்கு எடுத்துவர வேண்டியவை

எனக்குப் பின் பிறந்தவளும் துணிவில் எனக்கு முன் நிற்பவளுமாகிய தங்கைக்கு,

அக்காள் எழுதுகிறேன். உன் நலத்தை உன் மகள் வழியே அறிந்தேன். ஒன்பது ஆண்டுகளாக நமக்கிடையே ஒரு வரிகூட இல்லை. இப்போது வருவதோ நீண்ட மடல். கிழித்துவிடுவாயோ என்று கேட்டதற்கு உன் மகள் சிரித்தாள். "பழைய மருந்துச் சீட்டையே அம்மா கிழிக்க மாட்டாங்க பெரியம்மா, உங்க லெட்டரையா கிழிக்கப் போறாங்க?" என்றாள். அந்த உறுதியில் எழுதுகிறேன்.

வரும் பத்தாம் நாள் முதல் பதினாறாம் நாள் முடிய ஏரிக்கரையில் ஒரு குடிலை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். இரண்டு கட்டில், இரண்டு நாற்காலி, இரண்டு தட்டு. மூன்றாமவருக்கு அங்கே இடமில்லை. அதனாலேயே அதைத் தேர்ந்தேன். நீ வர வேண்டும். செவிலியர்க்கு ஏது விடுப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. உனக்கு நாற்பது நாள் விடுப்பு எடுக்கப்படாமல் கிடக்கிறதென்று உன் மகள் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

சென்ற கிழமை நானே போய் ஒரு நாள் தங்கிப் பார்த்து வந்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவள் இல்லை நான் என்று எழுத நினைத்தேன். நீ நகைப்பாய் என்பதால் விட்டுவிட்டேன். மாளிகை என்று எண்ணி வராதே. தகரக் கூரை, மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அடுப்புக்கு இரண்டு வாய், எரிவது ஒன்று. அங்குள்ள கத்தி வெண்ணெயைக்கூடக் கெஞ்சித்தான் வெட்டும். நல்ல கத்தி ஒன்று கொண்டு வா. மெத்தை தருகிறார்கள், விரிப்பும் உறையும் தருவதில்லை. ஏரி நீரில் குளிக்கலாம், குடிக்கலாகாது. குடிநீரையும் அரிசியையும் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் கடுந்தேநீருக்குரிய தூளை நீயே எடுத்து வா, நான் வாங்குவது உனக்கு எந்நாளும் பிடித்ததில்லை. கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். கதிர் சாய்ந்ததும் நீரின்மேலிருந்து வரும் காற்று எலும்பைத் தேடும். துறையின் படிகள் பாசி பிடித்தவை, வழுக்காத செருப்பாக இருக்கட்டும். கொசுவலையில் மூன்று ஓட்டைகள். ஊசியும் நூலும் கொண்டு வா. கிழிந்ததைத் தைப்பதில் உன் கைக்கு நிகர் இல்லை.

குளியலறை குடிலுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி இருக்கிறது. அதற்குக் கைவிளக்கு தேவை என்று குடிலின் உரிமையாளராகிய படகோட்டியிடம் சொன்னேன். அவர் சற்று விழித்துவிட்டு, "டார்ச்சுன்னு கேளுங்கம்மா. கைவிளக்குன்னு கேட்டா கடைக்காரன் சாமி கும்பிடுற சாமானத்த எடுத்து வைப்பான்" என்றார். நீ எந்தச் சொல்லால் வேண்டுமானாலும் கேட்டு வாங்கு, ஒளி தந்தால் போதும்.

மாலையானால் தவளைகள் தொடங்குகின்றன. தலைவர் இல்லை, வரவேற்புரை இல்லை, நேர வரம்பும் இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று மேடைதோறும் பிறரைச் சாடிய நான், அன்று தனியே அமர்ந்து அந்த ஓசையைக் கேட்டபோது என்னையே நினைத்துக்கொண்டேன்.

பயணம் என்றால் அரை மருத்துவமனையையே மூட்டை கட்டுவது உன் வழக்கம். இம்முறை பஞ்சும் கட்டுத்துணியும் போதும். என் தொண்டையைப் பார்க்க எதையும் கொண்டு வராதே. பார்க்க வேண்டியவர் பார்த்துவிட்டார். குரல்நாணில் கட்டி. பதினெட்டாம் நாள் அறுவை. "முப்பது வருஷம் மைக்கையும் மீறி முழங்கியிருக்கீங்க, தொண்டை பாவம் என்னம்மா பண்ணும்? ஆபரேஷனுக்கு அப்புறம் பேச்சும் வரலாம், வெறும் காத்தும் வரலாம். அதுவரைக்கும் ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், அதுவும் மெதுவா" என்றார் மருத்துவர். நான் அஞ்சவில்லை, நீயும் அஞ்சாதே. கணக்கு மட்டும் தெளிவாக இருக்கட்டும்: நாளொன்றுக்குப் பத்து மணித்துளி.

தொழிற்சங்கச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அக்கா, கடைசியா ஒரே ஒரு கூட்டம். பத்து நிமிஷம் போதும், ஊரே திரண்டு வரும்" என்றார். அந்தப் பத்து மணித்துளிக்கு உரியவர் வேறொருவர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உரியவள் நீ. ஒன்பது ஆண்டுக்கு முன், உன் மருத்துவமனை வேலைநிறுத்தத்துக்கு முந்தின மாலை என் சமையலறையில் நின்று நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அக்கா, என் வார்டுல நாலு பேரு மெஷின்லதான் மூச்சு விடுறாங்க. நான் வெளிய வர மாட்டேன். ஏன்னு மேடையில நீ ஒரு வார்த்தை சொல்லிடு, போதும்" என்றாய். சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் மருத்துவமனை வாயிலில் மேடை ஏறினேன். முதலில் ஆர்ப்பரித்த கூட்டம் வெயில் ஏற ஏறத் தளர்ந்தது. கைதட்டல் குறைவதைப் பேச்சாளர் செவியால் அறிவதற்கு முன் தோலால் அறிவார். கூட்டத்தைத் தூக்கி நிறுத்த ஒரு சொற்றொடர் தேவைப்பட்டது. "உள்ளே இருப்பவள் என் உடன்பிறந்தவளே ஆயினும், அவள் இரண்டகம் செய்தவளே, நம்மைக் காட்டிக்கொடுத்தவளே!" என்றேன். வாயிற்கதவு அதிரக் கைதட்டினார்கள். ஒலிபெருக்கி ஒன்று உன் பிரிவின் சாளரத்தை நோக்கிக் கட்டப்பட்டிருந்ததைப் பின்னர்தான் அறிந்தேன். ஆனால் அந்த நால்வரைப் பற்றி முன்னரே அறிந்திருந்தேன். அறிந்தே சொன்னேன்.

அதன்பின் உன்னோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்ண எவரும் வரவில்லை. நீயே மாற்றல் கேட்டுத் தொலைவூருக்குப் போனாய். நால்வரும் பிழைத்து வீடு திரும்பினார்கள் என்பதை எந்த மேடையிலும் எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மேடையில் சொன்னதை மேடையிலேயே திருத்தலாமே என்று கேட்பாய். திருத்தினால் அதற்கும் கைதட்டுவார்கள். கைதட்டலோடு வருவது உனக்கு வேண்டாம். தாளில் எழுதிவிடலாமே என்பாய். நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்பார்கள். என் வாய் வேகவில்லை, உன் வாழ்வு வெந்தது. வாயால் செய்ததை, வாய் இருக்கும்போதே, வாயால்தான் ஆற்ற வேண்டும். அதற்கு ஒரு மணித்துளி எனக்குப் போதும். மற்ற நேரமெல்லாம் உன்னுடையது. பேசு, ஏசு, ஒன்பது ஆண்டையும் கொட்டு. குறுக்கே பேச எனக்கு உரிமை இல்லை, மருத்துவர் ஆணை.

இனி வழி. பேருந்து பிற்பகல் மூன்று மணிக்கு எதிர்க்கரையில் இறக்கிவிடும். குடிலுக்குப் பாலம் கிடையாது. துறையில் நின்று உரக்கக் கூப்பிட்டால் படகோட்டி வருவார். அங்கே அதுதான் முறை, மணியோ கொடியோ இல்லை. சென்ற கிழமை நான் நின்று கூப்பிட்டேன். பத்தாயிரம் பேருக்குக் கேட்ட குரல் ஒரு படகுக்குக் கேட்கவில்லை. துண்டை வீசி வீசிக் கை ஓய்ந்த பிறகே அவர் கண்டார். "ஒரு குரல் குடுத்திருந்தா அப்பவே வந்திருப்பேனேம்மா" என்று வருந்தினார்.

பத்தாம் நாள் தொடங்கி ஏழு நாளும், மூன்று மணிக்கு நான் குடில் பக்கத்துத் துறையில் படகில் அமர்ந்திருப்பேன். எந்த நாள் வந்தாலும் அது நல்ல நாள். நீ நீடு வாழ்க. உன் கைபட்டவர் எல்லாரும் நலம் பெறுக. இறங்கியதும் படகோட்டியைக் கூப்பிடாதே. என்னைக் கூப்பிடு. மறுகுரல் என்னால் கொடுக்க இயலாது. கேட்கவில்லை போலும் என்று எண்ணித் திரும்பிப் போய்விடாதே. கேட்டிருக்கும்.

உன்,
அக்காள்