ஒண்ணேகால் மணி நேரப் பயணம்

மார்ச் 4

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் வீட்டுப் பெட்டி இன்று பரணிலிருந்து இறங்கி, தூசி தட்டப்பட்டு, மறுபடி பரணுக்கே எழுந்தருளியது. பெட்டிக்குக் காயம் ஏதுமில்லை.

எல்லாம் அப்பாவால். இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறவர். விமானம் என்றால் மட்டும் பயம். "ஸ்டியரிங் பிடிக்கிறவன் மூஞ்சிகூடத் தெரியாத வண்டியில நான் ஏற மாட்டேன்." வெளிநாட்டில் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மா முன்னாடியே போயாச்சு. இங்கே நானும் அப்பாவும் அவர் வைக்கும் ரசமும்தான். மூன்றில் ரசம்தான் பயங்கரம்.

மார்ச் 6

அக்கா போனில் அழுதாள். "மூணு வருஷமா வீடியோவுல உங்க மூக்க மட்டுந்தான் பாக்குறேன்பா. இப்பவும் வரலன்னா இனிமே கூப்பிடவே மாட்டேன்."

அப்பா சாப்பிடவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது கடி ஜோக் அடிப்பேன். வரலை.

மார்ச் 7

மூளை வேலைக்குத் திரும்பிவிட்டது! அக்கா அனுப்பியிருந்த டிக்கெட்டை அப்பாவிடம் காட்டினேன். புறப்பாடு 10.00, சேர்வது 11.15. இரண்டும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. அங்கே மூன்றரை மணி நேரம் பின்னால், ஆகவே உண்மையில் நாலே முக்கால் மணி நேரம். இந்த அற்ப விஷயத்தைச் சொல்லிப் பெரியவர் மனதைப் புண்படுத்துவானேன்?

"எத்தன கிலோமீட்டர்டா?"

"மூவாயிரத்து அறுநூறு."

"ஒண்ணேகால் மணி நேரத்துலயா?"

"சிக்னல் இல்லப்பா. ஸ்டாப்பும் இல்ல."

அதில் இருந்த நியாயம் அவரைச் சாய்த்துவிட்டது. 'அங்க மணி என்ன' என்று அக்காவைத் தினமும் கேட்கிற மனுஷன்தான்!

மார்ச் 11

பள்ளிக்கூடத்தில் சொல்லியாச்சு: விமானமெல்லாம் எனக்கு சைக்கிள் மாதிரி. (ஏறியதில்லை என்பது உபரித் தகவல்.) அப்பாவுக்கு மூச்சுப் பயிற்சியும் நடத்தி வருகிறேன்.

மார்ச் 14

வந்து சேர்ந்தோம். நடந்ததை எழுதித்தான் ஆகவேண்டுமா? சரி.

ஒண்ணேகால் மணி நேரம் ஆனதும் அப்பா எழுந்து, மேலே இருந்த பையை இடது கையாலேயே இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பணிப்பெண் ஓடி வந்தார். "உக்காருங்க சார், இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு."

டிக்கெட் எடுக்காத பயணியைப் பார்ப்பதுபோல் அப்பா என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"...ஆமாப்பா. அக்கா அழுதாள்ல."

அப்பா இடது கையாலேயே பையைக் காலடியில் தள்ளினார்.

"கைய விடு."

"எதுக்கு?"

"அறையணும்னா வலது கை வேணாமாடா?"

விடவில்லை. விமானம் கிளம்பியதிலிருந்தே, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்தபடி, நான் விடவில்லை.

மார்ச் 15

அக்கா கதவைத் திறந்ததும் குழந்தையை அப்பா கையில் கொடுத்தாளாம். நேற்று அதைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை, கதவு திறந்ததுமே உள்ளே ஓடி, குளியலறையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா இன்னும் குழந்தையைக் கீழே விடவில்லை. "வழியில ஒரு குண்டு குழி இல்ல," என்று அம்மாவிடம் பீற்றல் வேறு. திரும்பும்போது ஜன்னல் சீட்டு வேண்டுமாம்.

ஊருக்குத் திரும்ப பஸ் ஏதாவது இருக்கிறதா, ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை என்று அக்காவிடம் ரகசியமாக விசாரித்தது அப்பா இல்லை. நான்தான்.