எந்தக் கருவாடு?

மாப்ளே,

இன்று காலை தீவனக் கடையில் ஒரு கருவாட்டு மூட்டையைப் பிரித்தார்கள். நாற்றம் மூக்கில் ஏறியது. இத்தனை வருடம் கழித்தும் உன் கோழிக் கொட்டகைதான் கண்முன் வந்து நின்றது.

எண்பதுகளின் கடைசி. நாமக்கல்லில் நாம் சேர்ந்து நடத்திய தீவன ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. மக்காச்சோளம், புண்ணாக்கு, கருவாடு, உப்பு என்று கட்டம் கட்டமாக வரிசை போட்டு, எது எத்தனை கிலோ என்று சொல்லும் ஷீட்டை நீதான் செய்தாய். ஒவ்வொரு கலவைக்கும் பழைய ஷீட்டைக் காப்பி எடுத்து, அழித்துத் திருத்தி, அரை நாள் மல்லுக்கட்டுவாய். அப்படிச் செய்த ஒரு கலவையை உன் கோழிகளுக்கே கொண்டுபோனாய்.

கோழிகள் தண்ணீரை விட்டு நகரவே இல்லை. குடித்துக் குடித்துச் சரிந்தன. பாதிக் கொட்டகை போய்விட்டது. பார்க்க வந்த டாக்டர் தீவனத்தை நாக்கில் வைத்துவிட்டு, "ஏனுங்க, இத்தன உப்பா?" என்றார்.

நீ கணக்குப் போட்டது உப்பில்லாக் கருவாட்டுக்கு. குடோனில் இறங்கியிருந்தது உப்புக் கருவாடு. நம் ஆட்களுக்கு இரண்டும் கருவாடுதான். ஷீட்டிலும் அந்த ஒரே பேர்தான்.

"கூட்டுனது தப்பில்ல மாப்ளே, பேருதான் தப்பு. மொதல்ல பொருளு என்னன்னு முடிவு பண்ணோணும், கட்டமெல்லாம் அப்பறம்" என்றாய்.

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, எந்தப் பொருளில் என்ன இருக்கிறது, எது எதுவரை போகலாம், எது ஏறினால் எது குறைய வேண்டும் என்று காகிதத்தில் வரைந்தாய். அதிலிருந்துதான் புது ஷீட்டே பிறந்தது. பிறகு யார் உட்கார்ந்தாலும் எடையை மட்டும் போட்டால் போதும். வெறும் கருவாடு என்றால் நகராது. எந்தக் கருவாடு என்று கேட்கும். உப்பு தானாகக் குறையும். டீ ஆறுவதற்குள் புதுக் கலவை தயார்.

"மெசினு நம்மளையே கேள்வி கேக்குதுங்க" என்று குடோன்காரர் அலுத்துக்கொண்டபோது, ரொம்ப நாள் கழித்து நீ சிரித்தாய்.

போன மாதம் போன் வந்தது. "நல்லுசாமி போயிட்டாருங்க" என்றார்கள். எனக்குத் தெரிந்து அந்தப் பேரில் மூன்று பேர்: பரமத்தி வேலூரில் ஒருவர், எருமப்பட்டியில் ஒருவர், அப்புறம் நீ. கேட்டேன்.

"எந்த நல்லுசாமிங்க?"

அது உன் கேள்வி, மாப்ளே. அன்றைக்கு மட்டும் அதற்குப் பதில் வராமலே இருந்திருக்கலாம்.