வில்லன் சிரிப்பு

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நாம் பார்த்த உளவாளிப் படத்தில், எவனோ போனில் கேட்டதும் அதிகாரி பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவார். "இப்படி ஒரு மடையன் இருப்பானா?" என்று சிரித்தீர்களே, இருக்கிறான்! எங்கள் மேனேஜர். கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவிலிருந்து பேசுவதாக எவனோ சொன்னதும் ஒப்பித்துவிட்டான். அந்தப் பிரிவில் இருப்பதே நான் ஒருத்திதான்; என் குரல்கூடவா தெரியாது? இப்போது எல்லார் முன்னாலும், "நீ என்னத்தக் காவல் காத்த?" என்று என்மேல் பாய்கிறான். பற்றிக்கொண்டு வருகிறது. வேலை போகாது, பயப்படாதீர்கள்.

பஸ் வந்துவிட்டது. என் குரலிலேயே எவளாவது ஓடிபி கேட்டால் சொல்லாதீர்கள். படம் முடிந்ததும் சிரித்துக் காட்டுவேனே, அந்த வில்லன் சிரிப்பைச் சிரிக்கச் சொல்லுங்கள். சிரிப்பு வராமல் அழுகை வந்தால், போனை வைத்துவிடாதீர்கள். அது நான்தான்.

உங்கள் மகள்