மைனஸைப் பிளஸ் ஆக்கச் சொன்னவர்

ஜூலை 5, 1986. சனி

விடாத காற்று. மதுரை போய் வந்தேன். கண்ணில், பல்லில் எல்லாம் மண்.

கைடைப் பார்த்தேன். பகுதிநேர ஆய்வில் சேர்ந்து ஐந்தாவது வருடம். டிசம்பருக்குள் தீசிஸ் கொடுக்காவிட்டால் பதிவு போய்விடும். அது அவருக்கும் தெரியும். போண்டா தின்றுகொண்டே என் வரைபடங்களைப் புரட்டினார். எண்ணெய் விரலோடு.

"ஈக்விலிப்ரியம் பாயிண்டே இல்லைங்கிற. அப்புறம் கேயாஸ் எங்கேருந்தும்மா வரும்? கம்ப்யூட்டர் பண்ற ரவுண்டிங் தப்பு இது. பொங்கல் சமயத்துலயே சொன்னேன்ல."

மறுபடி கணக்குப் போட்டுக் காட்டினேன். ஓர் அமைப்பு எங்கேயாவது அசையாமல் நிற்க வேண்டுமானால் அதன் மூன்று சமன்பாடுகளும் ஒரே சமயத்தில் பூஜ்யமாக வேண்டும். என்னுடையதில் அப்படிப் போட்டால் ஓர் எண்ணின் வர்க்கம் மைனஸில் வந்து முடிகிறது. நிஜத்தில் அப்படி எண் கிடையாது. ஆக, நிற்க இடமே, அவர் கேட்கிற ஈக்விலிப்ரியமே, இல்லை. ஆனாலும் எல்லை தாண்டி ஓடிவிடுவதில்லை. ஒரு வட்டாரத்துக்குள்ளேயே சுற்றுகிறது, போன தடத்தில் மறுபடி போகாமல். தொடக்கத்தை மயிரிழை மாற்றினால் முற்றிலும் வேறு வழி. கேயாஸ் என்பது இதுதான்.

"கடைசிச் சமன்பாட்டுல ஒரு மைனஸ் இருக்குல்ல, அதப் பிளஸ் ஆக்கு. ரெண்டு பாயிண்ட் கிடைச்சிரும். தியரிக்குள்ள வந்துரும். அடுத்த மாசமே சப்மிட் பண்ணு. யாரு பாக்கப் போறா?"

யாரு பாக்கப் போறா. திரும்பி வரும் வழி முழுக்க இதே. எண்ணெய்க் கறை மூன்று பக்கங்களில்.

ஜூலை 6, ஞாயிறு

தூறல். எங்கள் ஓடைப்பட்டித் தோட்டம். கொத்துக் கொத்தாய் அழுகல். புளித்த நாற்றம், ஈ. திராட்சை என்றாலே என் வீட்டுக்காரருக்கு முகம் மலரும். இன்று அறுத்து அறுத்துக் கீழே போட்டார்.

சாப்பிடும்போது கேட்டார். "உங்க வாத்தியாரு என்ன சொன்னாக?"

சொன்னேன்.

"ஒரு கோடு தானே? போட்டு விட்டுட்டு டாக்டர் பட்டத்த வாங்கிட்டு வா. ஊருல யாருக்குத் தெரியும்?"

இவருமா. உப்பு இல்லை ரசத்தில்; எழுந்து போய் எடுத்து வந்து போட்டேன்.

மத்தியானம் மைனஸை அழித்துப் பிளஸ் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் வந்தன. சாதாரணமான, எல்லோரும் எழுதுகிற விஷயம். தாளைக் கிழித்தேன்.

வாங்க வேண்டியது: சீயக்காய், மூக்குக்கண்ணாடிக்கு ஸ்குரூ.

ஜூலை 9, புதன்

கம்ப்யூட்டர் தப்பு என்றால் கம்ப்யூட்டரே இல்லாமல் காட்டிவிடுவது. அதே மூன்று சமன்பாடுகள், எண்ணுக்குப் பதில் மின்னழுத்தம். எங்கள் கல்லூரிப் பௌதிகத் துறை ஜெபமணி சார்தான் மின்சுற்றை இணைக்கிறார். தேனிக்காரர், கடைவீதியில் அவர்கள் குடும்பத்துக்கு ரேடியோ கடை. லேபில் அலமாரிக்குப் பின்னால் செத்த எலி. மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை.

நாலு மணிக்கு ஆஸிலாஸ்கோப் திரையில் வந்தது. பச்சைக் கோடு. சுற்றுகிறது, மடிகிறது, ஒரு தரம் போன வழியை விட்டு விலகுகிறது.

"என்ன மேடம், இது அடங்கவே மாட்டேங்குது?"

"அடங்குறதுக்கு இடம் இல்ல சார்."

இந்த வாரத்தில் அருவருப்பில்லாத அரைமணி நேரம் இதுதான்.

ஜூலை 12, சனி

கணிதப் பேரவைத் தொடக்க விழா. கைடு வந்தார், கூட ஒரு வெளியூர் விருந்தினர். ஒல்லி, வயசானவர், காது கொஞ்சம் மந்தம். மாலை, பொன்னாடை, ஒரு மணிநேரம் புகழ்ச்சி. கைடு பாயசம் மூன்று தரம் வாங்கினார்.

பிறகு லேப். விருந்தினர் திரையைப் பார்த்தவர் நகரவில்லை. "இதோட ஈக்விலிப்ரியம் எங்கம்மா?" "இல்லை சார்." பேனாவை எடுத்து உள்ளங்கையிலேயே கணக்குப் போட்டார். மைனஸ் வந்தது. மறுபடி போட்டார். "ஆமா, இல்லவே இல்லயே" என்றார். முகம் மாறிவிட்டது. "யாரு கண்டுபிடிச்சது?"

நான் வாய் திறப்பதற்குள் கைடு: "நாங்க ரெண்டு வருஷமா பண்ற வேலை சார். ஐடியா நம்மளோடது. இந்தப் பொண்ணு சுத்தமா செஞ்சு முடிச்சிருக்கு."

என் தோளில் தட்டினார். பாயசப் பிசுக்கு, புடவைக்கு உள்ளே வரை ஒட்டியது போல.

சொல்லிவிட்டேன். "சார், போன சனிக்கிழமை இது தப்புன்னு சொன்னீங்க. மைனஸைப் பிளஸ் ஆக்கச் சொன்னீங்க."

பிரின்ஸிபால் ஜன்னலைப் பார்த்தார். விருந்தினர், "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

புடவையை இரண்டு தரம் அலசினேன்.

ஜூலை 14, திங்கள்

பிரின்ஸிபால் அறை. "ஏம்மா மரகதம், பெரியவங்கள சபையில வச்சு அப்படிக் கேக்கலாமா? மதுரைக்குப் போயி ஒரு ஸாரி சொல்லிட்டு வந்துரு. நமக்கும் நாளைக்கு அவங்க வேணும்ல."

நாளையும் மறுநாளும் லீவு எழுதிக் கொடுத்தேன். ஸாரி சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டார்.

பேராசிரியர்கள் அறையில் ஒருத்தர்கூடக் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஜெபமணி சார் மட்டும் டீ வாங்கி வைத்துவிட்டு, "சுற்றை இன்னும் பிரிக்கல மேடம்" என்றார்.

ஜூலை 15, செவ்வாய்

மதுரை. வெயில். கைடு உட்காரச் சொல்லவில்லை.

"கைடு மாத்திக்கிறேன் சார். கையெழுத்து வேணும்."

மன்னிப்புக்குத் தயாராக வைத்திருந்த முகம் அவருடையது. அதைக் கலைக்கச் சற்று நேரமானது. பிறகு சிரித்தார். "தாராளமா. அந்தத் தப்புக் கணக்குல என் பேரு வர்றது எனக்கும் வேண்டாம்."

பொங்கலுக்குத் தப்பு. சனிக்கிழமை விருந்தினர் முன்னால் அவருடையது. இன்று மறுபடி தப்பு. கோபம்கூட வரவில்லை. குளியலறை மூலையில் எதையோ பார்த்துவிட்டுக் காலை இழுத்துக்கொள்வோமே, அது மாதிரி. கையெழுத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பல்கலைக்கழக ஆபீஸில் சொன்னார்கள்: புது கைடு என்றால் புதுப் பதிவு. முதலிலிருந்து.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. இவர் வாசலில் மருந்தடிக்கிற பம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப டாக்டர் பட்டம்?"

"இப்ப இல்ல. இனிமே அஞ்சு வருசம் ஆகும்."

கழுவி முடித்தார். தண்ணீரைக் கவிழ்த்தார். சண்டை வரும் என்று நின்றேன்.

"அந்தாளு உன்னோட கணக்குல பேரு வேண்டாம்னுட்டானா?"

"ஆமா."

இதுவரை 'சொன்னாக', 'வந்தாக' என்றுதான் பேசுவார் கைடைப் பற்றி.

"நல்லதாப் போச்சு. நாளைக்குக் கூலி ஆளு வரலயாம். நீ லீவு தானே? தோட்டத்துக்கு வா."